ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்

எங்கள் ஊரில் கம்ப்யூட்டருக்கு வரும் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். மெதுவாக ஓடினால் ஃபார்மட். சத்தம் போட்டால் ஃபார்மட். கீபோர்டில் காபி கொட்டிவிட்டது என்று கொண்டுபோனதற்கு ஃபார்மட் அடித்துக் கொடுத்த கடை ஒன்று காரைக்குடியில் இருக்கிறது. கீபோர்டு அதற்குப் பிறகும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே இருந்த கல்யாணப் படங்கள் மட்டும் போய்விட்டன. அந்த வீட்டுக்காரர்கள் கடைக்காரருக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தார்கள். நன்றி சொன்னது எங்கள் பக்கத்து வீடு என்பதால் எனக்குத் தெரியும்.

அந்தக் கடைக்காரர் ஒரு விஜயதசமியன்று எங்கள் வீட்டுக்கே வந்தார். என் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகத்தான்.

என் கம்ப்யூட்டர் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கொத்தமங்கலம் பக்கம் பெரிய பெரிய பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்களுக்கு சிமெண்டும் பெயிண்டும் விற்கும் கடை வைத்திருக்கிறார். கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் நகர முடியாத நிலைக்கு வந்ததும் புதிது வாங்கிவிட்டு, பழையதை ஒரு சிமெண்ட் சாக்கில் சுற்றி, "தங்கச்சி மக கம்ப்யூட்டர் படிக்கிறாள்ல" என்று அனுப்பிவைத்தார். தானம் கொடுக்கிற முகத்தோடு குப்பையை அனுப்புவது எங்கள் குடும்பத்தில் பெரியவர்களின் உரிமை. சாக்கைப் பிரித்தபோது கேபினெட்டுக்குள்ளிருந்தும் சிமெண்ட் கொட்டியது.

அதிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டேன். முதல் சில வாரங்கள் அது என்னைப் படுத்தாத பாடில்லை. வைஃபை வரவில்லை, வைஃபை வருவதற்கான டிரைவர் மென்பொருளை இறக்க வைஃபை வேண்டும் என்றது. அதை எழுதியவர்கள் யாரோ, சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற ரகம். போனைக் கேபிளில் மாட்டி அதன் நெட்டை எடுத்து ஒப்பேற்றினேன். பிறகு சத்தம் வரவில்லை. இணையத்தில் போய்க் கேட்டால், உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர், கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் உண்டா என்று என்னைக் கேட்டார். தேடினால் முதலில் வருவது என்னைப் போலவே ஒருத்தர் கேட்ட கேள்வி. அதற்குக் கீழே இதே ஆள், இதே பதில். பதில் தெரியாதவர்கள் இவ்வளவு திமிராக எழுத முடியும் என்பதை லினக்ஸ்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. நானே தட்டித்தடவிக் கடைசியில் சத்தம் வரவைத்தேன். என் காலேஜ் லேபில் பாதி நாள் பூட்டு தொங்கும், மீதி நாள் சார் இருக்கமாட்டார். நான் எழுதிய ஒவ்வொரு நிரலும் இந்தச் சிமெண்ட் பெட்டியில்தான் ஓடியது. இது போனால் எனக்குப் போன் திரைதான் கதி.

தப்பு எங்கே நடந்தது என்றால், அது வேகமாக ஓட ஆரம்பித்ததில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். நான் பொத்தானை அழுத்தியதும் திரை பட்டென்று வந்துவிட்டதைப் பார்த்துவிட்டார்.

"ஏத்தா, இது நம்ம கடை மெஷினா?"

"ஆமா மாமா."

"நான் போட்டா ஒரு டீ குடிச்சுட்டு வரணுமே. என்னத்தப் பண்ணுன?"

"லினக்ஸ் போட்ருக்கேன் மாமா."

"அது என்னவோ போ. நல்ல மெஷின அவசரப்பட்டுக் குடுத்துட்டேன் போலருக்கே."

அந்த வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னது சிரிப்பில்லாமல்: "ஓடுற வரைக்கும் பிள்ளை வச்சுக்கட்டும் மாப்ளே. மக்கர் பண்ணுச்சுன்னா ஒரு போன் போடுங்க. நம்ம ஆளு ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தந்துருவான். குடோன்ல பில்லு போட ஒரு மெஷின் வேண்டியிருக்கு." அப்பா தலையாட்டினார். அப்பா அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே பழகிய தலை, யார் எதைச் சொன்னாலும் ஆடும்.

அதன் பிறகு அந்தப் பெட்டி நின்றுவிடக் கூடாது என்பது ஒன்றே என் கவலை.

ஆயுத பூஜை வந்தது. மாமா தன் கடையில் தராசிலிருந்து டெம்போ வரை பூஜை போட்டுவிட்டு, அந்த உற்சாகம் தணியாமல் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். புது வண்டி வாங்கினால் பிள்ளையார்பட்டிக்கு ஓட்டிப்போய் மாலை போட்ட பிறகுதான் பெட்ரோலே முழுதாக ஊற்றுகிற குடும்பம் இது. சந்தனம் குழைத்த கிண்ணத்தை அம்மா கையிலிருந்து வாங்கி அவரே கிளம்பினார். ஃபிரிட்ஜ், மிக்சி, அப்பாவின் ஸ்கூட்டர், அம்மாவின் தையல் மெஷின். பெயிண்ட் விற்கிறவர் அல்லவா, பொட்டு வைக்கத் தெரியாது, பூசத்தான் தெரியும். கட்டை விரலால் ஒரு அப்பு, அதன் மேல் குங்குமத்தில் இன்னொரு அப்பு. என் கம்ப்யூட்டருக்கும் வைத்தார். அன்றைக்கு எதையும் தொடக் கூடாது, காலையில் மறுபூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு நாள் கம்ப்யூட்டரைத் தொடாமல் இருந்தால் சரஸ்வதிக்கு என்ன லாபம் என்று கேட்டேன். மாமா கிண்ணத்தோடு கிரைண்டருக்குப் பொட்டு வைக்கப் போய்விட்டார்.

விடிந்தது. மறுபூஜை ஆனது. குளித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, திரையில் கம்பெனியின் முத்திரைப் படம் வந்தது, அப்படியே பொட்டென்று அணைந்துவிட்டது. திரும்ப அழுத்தினேன். மறுபடியும் அதே இடத்தில் அணைந்தது.

நான் பிளக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே, கூடத்தில் அப்பா போனில் பேசுவது கேட்டது. "ஆமா மச்சான். வந்து வந்து அணைஞ்சுருது. ஆமா, அந்த லினக்ஸ்தான்."

எனக்கு ஐந்து நிமிடம் கொடுக்கவில்லை அந்த மனிதர். வீட்டில் குழாய் ஒழுகினால் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாமா அந்த ஃபார்மட் கடைக்காரரோடு வந்து இறங்கினார். கடைக்காரர் கழுத்தில் ஒரு அடையாள அட்டை. அவருடைய கடைக்கு அவர்தான் முதலாளி, அவர்தான் வேலைக்காரர். பிறகு அந்த அட்டை யாருக்கு என்று புரியவில்லை. அம்மா அவருக்கும் சேர்த்து வெள்ளைப் பணியாரம் வைத்தாள். அவர் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே, அப்பாவைப் பார்த்து நோயைச் சொல்லிவிட்டார்.

"சார், லினக்ஸ் போட்டா அப்பிடித்தான் சார். அது ஹேக் பண்றவய்ங்க வச்சுக்குறது."

அப்பா முகம் வெளுத்தது. "போலீஸ் கீலீஸ் வருமா தம்பி?"

"அதெல்லாம் நம்ம பாத்துக்குவோம் சார். ஃபார்மட் அடிச்சா போயிரும்."

"லினக்ஸ் இன்னும் வரவேயில்லை" என்றேன். "அதுக்கு முன்னாடியே அணையுது."

அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவிடமே சிரித்தார். "பாப்பா யூடியூப் பாக்கும் போல."

நான் காலேஜில் கடைசி வருடம் படிக்கிறேன். பாப்பா!

"சாப்பிடுங்க தம்பி, மொதல்ல சாப்பிடுங்க" என்று மாமா அவரை உட்காரவைத்தார். "சாப்ட்டு ஒயரக் கழட்டு. வண்டி வாசல்லதான் நிக்குது."

ஆக, அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும்தான் எனக்கு நேரம். பணியாரம் நிறைய இருந்தது. மாமாவின் பசியும் பெரியது. கேபினெட்டின் பக்கவாட்டைக் கழற்றினேன். முதலில் ஹார்டு டிஸ்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு அழுத்தினேன். டிஸ்க் இல்லாமலும் அதே போல் வந்து, அதே இடத்தில் அணைந்தது.

"இங்குட்டு வந்து பாருங்க" என்று கத்தினேன். "டிஸ்கே இல்லை. எதை ஃபார்மட் அடிக்கப் போறீக?"

கடைக்காரர் கார சட்னியைத் தொட்டுக்கொண்டே, "அப்ப மதர்போர்டு போயிருச்சு" என்றார். எவ்வளவு சுலபமாகப் போகிறது பாருங்கள் இவர்களுக்கு மதர்போர்டு.

"போர்டு மாத்திக்கலாம். தம்பி கடைல பழசு ஒண்ணு கெடக்கும்" என்றார் மாமா. அவருக்கு அது எப்படியும் குடோனுக்கு வந்து சேர்ந்தால் போதும்.

மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினேன். மாற்றமில்லை. வேறு பிளக்கில் போட்டேன். மாற்றமில்லை. ஆனால் அணைகிற விதம் எனக்கு உறுத்தியது. கெட்டுப்போன பொருள் இஷ்டத்துக்கு அணையும். இது ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரே அளவு நேரம் ஓடியது. யாரோ எண்ணிக்கொண்டு அணைப்பது போல. லினக்ஸ் போட்ட புதிதில் அது உறைந்துபோகும் போதெல்லாம் நான் என்ன செய்தேன்? பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருப்பேன். கொஞ்ச நேரத்தில் அணையும். இதே நேரம்தான்.

அப்படியானால் இப்போதும் யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேபினெட்டின் முன்பக்கம் வந்து பார்த்தேன். நெற்றி மாதிரி அகலமான முகப்பு, அதன் நடுவில் வட்டமாகப் பொத்தான். பொட்டு வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் எந்த மனிதனுக்கும் கிடைக்காது. சந்தனம் பொத்தானைச் சுற்றியிருந்த இடுக்கு முழுவதும் இறங்கி, ராத்திரியோடு காய்ந்து, கல்லாகியிருந்தது. அழுத்தினால் உள்ளே போன பொத்தான் அதில் சிக்கி, பெட்டி அணைந்த பிறகுதான் மெல்ல வெளியே வந்தது.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று தெரியும். பொத்தானிலிருந்து போர்டுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கினேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, "எல்லாரும் வாங்க" என்றேன். மாமா எச்சில் கையோடு வந்தார்.

"பாப்பா, ஷாக் அடிக்கும்!" என்று கடைக்காரர் பின்னால் நகர்ந்தார். கம்ப்யூட்டர் கடைக்காரர்!

ஒயர் இருந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு தொடு தொட்டேன். பொத்தான் செய்கிற வேலையும் அவ்வளவுதான். விசிறி சுற்றியது. படம் வந்தது. அணையவில்லை. டிஸ்க் இல்லையே என்று மட்டும் திரையில் குறைசொன்னது. அணைத்துவிட்டு, டிஸ்கை மாட்டி, திரும்பத் தொட்டேன். லினக்ஸ் வந்து நின்றது.

"உங்க சந்தனம்தான் மாமா" என்றேன். "பொத்தானுக்குள்ள போய் ஒட்டிக்கிச்சு. வேற ஒண்ணுமில்லை."

ஒரு வருத்தம், ஒரு வெட்கம், எதுவும் இல்லை அந்த முகத்தில். "சாமி சந்தனம்த்தா, அதச் சொல்லாத" என்றார். "ஆக, மெஷின் நல்லாருக்கு. நான்தான் சொன்னேன்ல மாப்ளே? தம்பி, ஒயரக் கழட்டு."

"எதுக்குக் கழட்டணும்? ஓடுற வரைக்கும் வச்சுக்கன்னுதானே சொன்னீக?"

"காலைல நின்னுச்சுல்ல?"

"நிப்பாட்டுனது நீங்க!"

"யாரு நிப்பாட்டுனா என்னத்தா? நின்னுச்சா இல்லையா?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் பணியாரத் தட்டைப் பார்த்தார். அம்மா மட்டும், "அவதான் அண்ணே சரிபண்ணுனா" என்றாள். "அதான் சரியாயிருச்சே, இனி குடோனுக்கு ஆகும்ல" என்று மாமா முடித்துவிட்டார்.

எனக்கு அழுகை வரவேண்டிய இடம் அது. வந்தது எரிச்சல்தான். அந்த எரிச்சலில்தான் புத்தி வேலைசெய்தது. "தாராளமாத் தூக்கிட்டுப் போங்க மாமா" என்றேன். "பில்லு சாஃப்ட்வேரை மட்டும் இங்கயே போட்டுப் பாத்துட்டுத் தூக்குங்க."

கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினார். பில் போடும் மென்பொருளை டபுள் கிளிக் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பச் செய்தார். கதவு தட்டுவது போலத் தட்டிக்கொண்டேயிருந்தார். எதில் திறக்க வேண்டும் என்று லினக்ஸ் மரியாதையாகக் கேட்டது. அவருக்குப் பதில் தெரியவில்லை.

"இது விண்டோஸ்ல மட்டும்தாண்ணே ஏறும்" என்றார் மாமாவிடம்.

"அப்ப விண்டோஸப் போடு. அதுக்குத்தானே ஒன்னயக் கூட்டியாந்தேன்?"

கடைக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதன்முதலாக உண்மையைப் பேசினார். "போடலாம்ணே. ஆனா போட்டா பழையபடி இழுவைதான். இந்தப் பெட்டிக்கு அம்புட்டுத்தான் சத்து."

மாமா திரையையும் பென் டிரைவையும் மாறி மாறிப் பார்த்தார். வேகமாக ஓடினால் பில் வராது. பில் வந்தால் வேகம் இருக்காது. இரண்டையும் ஒன்றாகக் கேட்டே வாழ்நாள் முழுக்க வியாபாரம் செய்தவர். முதல் தடவையாக இரண்டும் ஒன்றாகக் கிடைக்காத பொருள் ஒன்று எதிரே விளக்கு எரிய நின்றது.

"கருமம்" என்றார். "ஒரு பில்லு போட முடியாதத வச்சுக்கிட்டு இவ என்னத்தப் படிக்கிறாளாம்? காலேஜுக்குப் போயி இதத்தான் கத்துக்கிட்டாளாக்கும். நீயே வச்சு அழு, போ." எச்சில் கையைக் கழுவப் போனார். போகிற வழியில் அம்மாவிடம் காபி கேட்டார். கடைக்காரர் தன் வருகைக்கான கூலி யார் தருவார்கள் என்ற முகத்தோடு வாசலில் நின்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

மாமாவிடம் நான் எத்தனையோ வசை வாங்கியிருக்கிறேன். பதில் சொல்லாமல் விட்டது இது ஒன்றுக்குத்தான். அவர் காபி குடித்து, வண்டி ஏறி, தெரு திரும்புகிற வரைக்கும் கேபினெட்டின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து, "சரி விடு, கெடச்சுருச்சுல்ல" என்றார், ஏதோ அவர் வாங்கிக்கொடுத்தது போல. நான் அவர் பக்கம் திரும்பவில்லை. முந்தாநாள் பாதியில் விட்ட நிரலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.