நைனாவின் வண்டியில் ஒரு பச்சை சுவிட்ச்

"காகிதத்துல ஓட்டுற வண்டிக்கு பிரேக் வேணாம்மா. மலையில ஓட்டுறதுக்கு வேணும். உங்க நைனாவ வூட்ல ஒக்கார வெச்சு சோறு போடு. நீ படிச்சதுக்கு அதான் மரியாத."

திருத்தணி மலையடிவாரத்து டாக்சி ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் என்னிடம் இப்படிச் சொன்னவர் சேகர் சித்தப்பா. நாங்கள் நைனா என்று கூப்பிடும் எங்கள் அப்பாவோடு இளவயது முதல் அதே ஸ்டாண்டில் வண்டி ஓட்டியவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நைனாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் சொன்னார். நைனாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் "என்னத்தான் மொதல்ல போட்டியா?" என்று கேட்கப்போகிறவரும் அவர்தான்.

எங்கள் நைனா மணவூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தார். கரும்பு வெட்டும் காலத்தில் குடும்பமே திருவாலங்காட்டுப் பக்கம் போய்விடும். பள்ளிக்கூடம் என்பது அவருக்குப் போகிற வழியில் தெரியும் ஒரு கட்டடம், அவ்வளவுதான். கரும்பு லாரியைக் கழுவி, லாரிக்காரர்களிடம் ஓட்டக் கற்று, அம்மாவைக் கைப்பிடித்த பிறகு திருத்தணிக்கு வந்து வாடகைக் கார் ஓட்டினார். பல வருடங்கள் அடுத்தவர் வண்டி. பிறகு சொந்த வண்டி.

அவர் வண்டியில் ஏறியவர்களில் பாதிப் பேர் நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள். அவர்களிடம் தெலுங்கில் கொஞ்சுவார். குறுக்கே வரும் பைக்குக்காரனைத் தமிழில் திட்டுவார். மொட்டை போட்ட குழந்தைகளின் தலைச் சந்தனம் சீட்டில் அப்பிக்கொள்ளும். மற்ற ஓட்டுநர்கள் முகம் சுளிப்பார்கள். நைனா, "காயட்டும் வுடு, சாமி வூட்டு சந்தனம்" என்று சொல்லிவிட்டு, காய்ந்தபின் துணியால் தட்டிவிடுவார். வயதானவர்களைக் கைபிடித்து இறக்காமல் அடுத்த சவாரிக்குத் திரும்பியதில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் சேர்ந்தபோது, வழியில் என்னை இறக்கிவிடும் நாட்களில் சவாரிக்காரர்களிடம் கேட்காமலே அறிமுகம் செய்வார். "எம் பொண்ணுங்க. கரண்டு படிக்கிறா." உடனே பின்சீட்டிலிருந்து யாராவது தங்கள் வீட்டு மிக்சி ஏன் ஷாக் அடிக்கிறது என்று கேட்பார்கள். நைனா கண்ணாடி வழியே என்னைப் பார்ப்பார். பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நான் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு மழை நாளில் டயர் மாற்றும்போது நைனா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு ஒடிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கையை முறுக்க முடியவில்லை. ஸ்டியரிங் பிடிப்பார், இடக்கையால் கியர் போடுவார். சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்வது மட்டும் வலக்கையால் ஆகவில்லை. சமதரையில் இடக்கையை எட்டி நீட்டிச் சமாளித்தார். மலை ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் இடக்கை ஹேண்ட்பிரேக்கில் அல்லவா இருக்க வேண்டும்?

ஒருநாள் வளைவில் அப்படி நின்றேவிட்டது. சவாரிக்காரர்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டாண்டில் மலைச் சவாரிக்கான அவருடைய முறையை நிறுத்திவிட்டார்கள். அரக்கோணம் ஸ்டேஷனுக்கு மட்டும் ஓட்டச் சொன்னார்கள்.

நைனா வண்டியைக் காலையிலும் மாலையிலும் கழுவத் தொடங்கினார்.

"காலையிலதான கழுவுன நைனா?"

"தூசிம்மா" என்றார். துளித் தூசி இல்லை.

மலைக்குப் போகாத திருத்தணி ஓட்டுநராக அவர் வாழப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. சாவியைத் திருகாமல் ஒரு சுவிட்சை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும்படி செய்கிறேன் என்றேன். வலக்கட்டைவிரல் நன்றாகவே இருந்தது. அவர் பதறினார்.

"பூஜ போட்ட வண்டியில ஓட்ட போடுவியா நீ?"

வேல் முன்னால் மாலை சாத்திப் பூஜை போட்ட வண்டியில் துளை போடக்கூடாது என்பது ஸ்டாண்டில் எல்லாரும் வைத்திருக்கும் கட்டுப்பாடு. நான் ஸ்டியரிங்குக்கு வலப்புறம் காட்டினேன். விலை கூடிய வண்டிகளில் சுவிட்ச் இருக்கும் இடத்தில் எங்கள் வண்டியில் வெறும் பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் போதும், துளையே வேண்டாம்.

"அட, வண்டி செஞ்சவனே எடம் வுட்டு வெச்சிக்கிறானே!" என்றார். அதோடு சம்மதம்.

மெக்கானிக் காதர் பாய் தன் ஷெட்டில் இடம் கொடுத்தார்.

"ஸ்டார்ட்டர் லைன்ல கைய வெக்கிற பொண்ணே. ரிலே போட்டியா?"

"போட்டேன் பாய்."

"ஃப்யூஸு?"

"ஆங், போட்டேன்."

"அப்ப நீயே பாத்துக்க. நான் டீ சொல்றேன்."

பச்சை சுவிட்சை மூடி இருந்த இடத்தில் பொருத்தியதும், புது வண்டிக்குச் செய்வதுபோல நைனா முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். முன்னால் தட்டில் கற்பூரம். "அமுக்கும்மா" என்றார். அமுக்கினேன். எப்போதும் கியரில் போட்டே வண்டியை நிறுத்துவது அவர் வழக்கம். கார் ஒரு துள்ளுத் துள்ளி, பழத்தை நசுக்கி, தட்டின் மேல் ஏறி நின்றது. பாய் டீயோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்.

நைனாதான் முதலில் சிரித்தார். "நம்மள நம்பாம அதுவே பூஜ பண்ணிக்கினுச்சு!"

அன்றைக்கே கிளட்ச் மிதிக்கு மேலே இன்னொரு சிறிய சுவிட்ச் வைத்தேன். கிளட்சை மிதித்தால்தான் பச்சை சுவிட்ச் வேலை செய்யும். குழந்தைகள் தொட்டாலும் வண்டி அசையாது. காலையில் ஒருமுறை இடக்கையால் சாவியைப் போட்டுவிட்டால் போதும்.

ஸ்டாண்டில் நம்பவில்லை. மேலே சொன்ன பேச்சை நான் வாங்கியது அப்போதுதான். "ஏறிப் பாரு சித்தப்பா" என்றேன். கூட்டமில்லாத ஒரு காலையில் சேகர் சித்தப்பா முன்சீட்டில் ஏறினார். மடியில் பெரிய கருங்கல். நான் பின்சீட்டில்.

"கல்லு எதுக்குடா?" என்றார் நைனா.

"நீ பின்னால வந்தா எறங்கி வெக்கிறதுக்கு."

"எறங்கறதுக்குள்ள அடிவாரம் வந்துடும். ஒழுங்கா பெல்ட்ட போடு."

செங்குத்தான வளைவில் சித்தப்பா, "கிளட்ச்ச வுடுண்ணா, நிக்கட்டும்" என்றார். வண்டி குலுங்கி நின்றது. இடக்கை ஹேண்ட்பிரேக்கில், கால் கிளட்சில், வலக்கட்டைவிரல் சுவிட்சில். என்ஜின் உறுமியது. ஒரு சாண்கூடப் பின்னால் போகாமல் ஏறினோம். "இன்னோரு வாட்டி" என்றார். அடுத்த வளைவிலும் அப்படியே. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கோயில் வாசலில் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இறங்கினார். எங்கே போடுவது என்று தெரியாமல் அவர் நின்றதைப் பார்த்து நைனா சிரித்த சிரிப்புக்குப் பூக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் மலை முறை திரும்பக் கிடைத்தது. தகுதிச் சான்றுக்கு வண்டியைப் பார்த்த ஆய்வாளரும் தாமே அமுக்கிப் பார்த்துச் சரி என்றார்.

நோய் படுக்கையில் தள்ளும் வரை நைனா மலைக்கு ஓட்டினார். ஆஸ்பத்திரியில் நர்சைக் கூப்பிடக் கட்டில் ஓரம் இருந்த பெல்லைக் காட்டி, "இதுல கிளட்ச் வெக்கலியா? ஆரு வேணா அமுக்கிடுவாங்களே" என்று கேட்டார். கடைசியாக அவர் எங்களைச் சிரிக்கவைத்தது அன்றுதான். வீட்டுக்கு அழைத்து வந்தோம். அம்மாவின் கையைப் பிடித்தபடி, ஒரு காலை வேளையில் அமைதியாக அடங்கினார்.

அவரைக் கனிவோடு பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், ஆஸ்பத்திரிக்கு மாறி மாறி எங்களை ஏற்றிச்சென்ற ஸ்டாண்டு அண்ணன்மார்கள், என் தம்பியைத் தன் பிள்ளைபோல் பக்கத்தில் வைத்துக்கொண்ட சேகர் சித்தப்பா, அந்த வாரம் ஷெட்டையே மூடிவிட்டு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த காதர் பாய், அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருவார் ஆகிய எல்லாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் உறவுகளுக்குச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன். பாய் ஷெட்டின் பாதியை வாடகைக்கு எடுத்து, கை கால் முடியாதவர்களின் வண்டிகளில் அவர்களுக்கு ஏற்ற சுவிட்ச் வைத்துத் தரும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். முதல் கார் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து நிற்கிறது. தறி நெய்பவர், இடக்கையில் விரல்கள் இல்லை. சுவிட்சை எங்கே வைக்கட்டும் என்று நான் அவரைக் கேட்கவில்லை. சீட்டில் உட்காரவைத்து, கண்ணை மூடி ஹாரன் அடிக்கச் சொன்னேன். கை தானாகப் போய்த் தொட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன்.