ஜன்னலோரப் பிகோனியா

அனுமதிச் சீட்டு இல்லாமல் மாநில எல்லை தாண்டி வரும் செடியை, கைப்பற்றிய அன்றே, இரண்டு சாட்சிகள் முன்னிலையில், மண்ணோடும் வேரோடும் எரித்துவிட வேண்டும். இது விதி. நான் எரிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஒரு சோதனைச் சாவடியில் நான் அதிகாரி. கல்கத்தா லாரி ஒன்றில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அது இருந்தது. டால்டா டப்பாவில் ஒரு பிகோனியா. அந்த இளஞ்சிவப்புப் பூக்கள்! பதிவேட்டில் 'எரிக்கப்பட்டது' என்று எழுதினேன். சாட்சிகளும் கையெழுத்திட்டார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சூரியன் மேற்கே உதித்ததாகவும் கையெழுத்திடக் கூடியவர்கள்.

வாசலில் வைக்க முடியுமா? யாராவது பார்த்துவிட்டால்...! படுக்கையறையின் பின் ஜன்னலில் வைத்தேன். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. இலை நனையாமல் அடித்தட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். எல்லாம் முறைப்படி நடந்தது. முறைகேடு ஒன்றே ஒன்றுதான்... அந்தச் செடி அங்கே இருந்தது!

சித்திரையில் தண்டின் கணுக்களில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஊர்ந்தது. பெயர் தெரியாது. எனக்குத் தெரிந்தது நடைமுறை, பூச்சி அல்ல. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். மறுவாரம் மீண்டும் வந்தது. மீண்டும் துடைத்தேன். அந்தப் பஞ்சை எங்கே போட்டேன் என்கிறீர்களா? ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே அம்சாவின் மல்லித் தோட்டம். கணவனை இழந்தவள். குத்தகை நிலம். பூ விற்றால்தான் அவள் வீட்டில் சோறு.

வைகாசியில் ஒரு கிளையோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா சார் இது? எங்க மல்லிக்கு எவனோ பவுடர் பூசிட்டுப் போய்க்கீறான்!" என்று சிரித்தாள்.

கிளையை வாங்கிப் பார்த்தேன். கணுக்களில் அதே வெள்ளை.

"ஆராய்ச்சி நிலையத்துக்கு சாம்பிள் அனுப்பணும்மா. அதுக்கு ஒரு முறை இருக்கு."

"நீங்க படிச்சவரு, ஒரு காயிதம் போடுங்க சார். பூ வாங்கறவன் மூஞ்சியத் திருப்பிக்கினு போறான்."

நான் போடவில்லை. மாதிரியோடு அனுப்பும் படிவத்தில், 'அருகில் வெளியூர்ச் செடி உண்டா' என்ற கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். உண்டு என்றால் வேலை போகும். பொய்ப் பதிவுக்கு வழக்கும் வரும். இல்லை என்று எழுதி, அவர்கள் நேரில் வந்து பார்த்துவிட்டால்? ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்தினேன். அவளிடம் மட்டும், "அனுப்பிட்டேன்மா" என்றேன்.

"பதில் வந்துச்சா சார்?" பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"கவர்மெண்ட் வேலைம்மா. நாளாகும்."

"அதுக்குள்ள பூச்சியே ரிட்டயர் ஆயிடும் போல கீதே!"

ஆடியில் பிகோனியாவை விறகடுப்பில் வைத்து எரித்தேன். அழுதேன்... செடிக்காக. அவளுக்காக அல்ல! அதன் பிறகே மாதிரியை அனுப்பினேன். 'வெளியூர்ச் செடி எதுவும் இல்லை' என்று எழுதினேன். அப்போது அது உண்மை. எவ்வளவு சுத்தமான உண்மை!

ஆவணியில் நிலத்துக்காரர் வந்தார். பக்கத்து நிலங்களுக்கும் பரவிவிடும், அழித்துவிடு என்று மிரட்டினார். அம்சா எல்லாப் புதர்களையும் தன் கையாலேயே பிடுங்கிக் கொளுத்தினாள்.

"நீங்க காயிதம் போட்டும் அவங்க கண்டுக்கல. நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள்! மறுவாரம் மீஞ்சூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டாள்.

என் ஜன்னலிலிருந்து போன பூச்சிதானா அது? காற்றில் வந்ததாகவும் இருக்கலாம்... இருக்கலாம். ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகளாகியும், வாசலில் யாராவது "சார்" என்று கூப்பிட்டால் என் கை முதலில் ஜன்னலைச் சாத்தப் போகிறது.

ஆராய்ச்சி நிலையத்தின் பதில் சில வரிகள்தான். சாதாரண மாவுப்பூச்சி, பாதித்த கிளைகளை வெட்டிவிட்டு மீன் எண்ணெய் சோப்புக் கரைசலைத் தெளித்தால் போதும், செடிகளைப் பிடுங்க வேண்டியதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று அவர்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கரிந்த வேர்க்கட்டைகள் மட்டும் கிடந்த தோட்டத்தைத் தாண்டி வந்து தபால்காரர் அதை என் கையில் கொடுத்தது, புரட்டாசி மூன்றாம் தேதி.