எழுத்துக்காரரின் மச்சினன்

கொண்டைமலை எஸ்டேட்டில் நல்லமுத்து என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எழுத்துக்காரர் என்று கேட்டால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கூட வழிகாட்டும். கொச்சி ஏலத்துக்குப் போகும் தேயிலைப் பெட்டிகளின்மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து, கறுப்பு மையை ஒற்றி, எஸ்டேட் பெயரை இங்கிலீஷில் பதிப்பது அவர் வேலை. இங்கிலீஷில் ஒரு வார்த்தை வாசிக்கத் தெரியாது. அதனால் என்ன? அந்தப் பட்டப்பெயரில் மனிதருக்குத் தலைகால் தெரியாத பெருமை.

எழுபத்து நான்காம் வருஷம் ஃபாக்டரி வாசலுக்குப் புதுப் பலகை வந்தது. அதில் ரோமன் எழுத்தில் கையாலேயே பெயர் எழுதவேண்டும், ஆசையிருப்பவர்களுக்கு ஞாயிறுதோறும் நானே சொல்லித்தருகிறேன் என்றார் கோட்டயத்துக்கார மேனேஜர் துரை. நம்மைவிட்டால் யார் என்று நல்லமுத்து ஆபீஸ் வராந்தாவுக்குப் போனார். அங்கே அவர் மச்சினன் செல்லத்துரை பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தான். இலை வாட்டும் அறையில் வேலை செய்கிறவனுக்கு இங்கே என்ன ஜோலி? அவர் தள்ளியே உட்கார்ந்தார்.

துரை ஆளுக்கொரு பட்டை பிரஷ் கொடுத்தார். "ஒரே சரிவில பிடிக்கணும் கேட்டோ. விரல் திருப்பான் பாடில்ல, திருப்பவே கூடாது. கீழ இழுத்தா தடிமன், குறுக்க இழுத்தா மெலிசு. தானே வரும்."

மாதிரி எழுத்துத் தாளைச் சுவரில் ஒட்டினார். செல்லத்துரை அதில் மூக்கை உரசாத குறையாக நின்று பார்த்துப் பார்த்து எழுதினான். கோடெல்லாம் நடுக்கம். நல்லமுத்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பன்னிரண்டு வருஷம் இதே எழுத்தைப் பதித்தவருக்கு மாதிரி எதற்கு?

நாலாவது வாரம் செல்லத்துரை தன் பேப்பரை அக்காளிடம் காட்டினான். நல்லமுத்துவின் மனைவி சாந்தம்மாள் அதைச் சோற்றுப் பசையால் வீட்டுச் சுவரில் ஒட்டியே விட்டாள்.

"தம்பி கையி எப்பிடித் திருந்திட்டு பாத்தீங்களா?"

நல்லமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்துபோய்க் குற்றம் தேடினார். கிடைத்தது! ஓ என்ற எழுத்தை மச்சினன் வளையம்போல முழுக்க மூடியிருந்தான். மேலேயும் கீழேயும் விடவேண்டிய சந்து இல்லை. பெட்டியில் எந்த ஓவாவது இப்படி இருக்குமா? சொல்லிக்கொடுக்க அவருக்கு என்ன தலையெழுத்தா? திரும்பி வந்து இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பலகை யாருக்கு என்று முடிவுசெய்யத் துரை வைத்த பரீட்சை நாளில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பலகைத் துண்டில் எழுதினார்கள். நல்லமுத்துவின் கை நடுங்கவில்லை. தடிமனும் மெலிசும் கச்சிதம். ஆனால் ஓ, டி, ஏ எல்லாம் அங்கங்கே அறுந்து கிடந்தன.

"இந்தச் சந்து எந்தினா விட்டது?" என்றார் துரை.

"அது அப்பிடித்தானய்யா இருக்கும். பெட்டியப் பாருங்க. அவன்தான் அடைச்சுப்புட்டான்."

துரை பேக்கிங் அறையிலிருந்து தகட்டை எடுத்துவரச் சொல்லி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓவின் நடுத்துண்டு கழன்று விழாமலிருக்க மேலேயும் கீழேயும் மெல்லிய தகட்டுப் பட்டை விட்டிருந்தது. சந்து விழுவது அதனால்தான். எழுத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. துரை சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்கவில்லை.

"சாரமில்ல, போகட்டும். நல்ல கை உனக்கு. செல்லத்துரை எழுதினதப் பாத்து இன்னும் ஒருக்கக்கூட எழுது, மதி."

அதுபோதும் பலகை கைக்கு வர. ஆனால் நல்லமுத்து பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"இவனப் பாத்து நான் எழுதணுமாய்யா? வேண்டாம்."

பலகை செல்லத்துரைக்குப் போயிற்று. வாசலில் அவன் ஏணிமேல் நின்று எழுதிய அன்று மழைச் சேற்றில் ஏணி வழுக்கியது.

"அத்தான், கொஞ்சம் பிடிங்களேன்."

சாந்தம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் பிடித்தார். பிடித்தபடியே அண்ணாந்து, ஓவில் எங்காவது சந்து விழாதா என்று பார்த்தார். விழவில்லை.

பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த தொழிலாளி பூமாரி வாசலில் நின்று கூப்பிட்டாள்: "எழுத்துக்காரரே!"

"என்ன தாயி?" என்று சட்டென்று திரும்பினார் நல்லமுத்து.

அவள் ஏணியின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.