நாலாம் நம்பர் தோட்டா

எங்கள் பெரியப்பா ஒரு பயந்தாங்கொள்ளி என்பது பாபநாசத்திலிருந்து திருவையாறு வரைக்கும் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியவைத்தவர் சித்தப்பா. சிங்கப்பூரில் வெல்டர் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தார். நடந்ததையெல்லாம் டிராக்டர் மேல் பத்திரமாக ஏறி நின்று பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

அன்று காலையில் வெறிநரி ஒன்று எங்கள் கன்றுக்குட்டியைக் கடித்துக் குதறிவிட்டது. ஆட்கள் துரத்தியதில் ஓடிப்போய், பால்வாடிக்குப் பக்கத்தில் நின்ற மாட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டது. வாயெல்லாம் நுரை. பால்வாடி என்பது மூங்கில் தட்டிக்கு மண் பூசிய ஒரு கொட்டகை. வாசலில் கதவு கிடையாது, ஒரு கீற்றுப் படல்தான். உள்ளே பதினைந்து இருபது பிள்ளைகள். பயந்து அழக் கூடாதே என்று டீச்சர் அவர்களைப் பாடவைத்திருந்தார். வெளியே நின்ற எங்களுக்கு அந்தப் பாட்டு தெளிவாகக் கேட்டது.

பெரியப்பாவிடம் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. துப்பாக்கி கூடத்தில், தோட்டா உள்ளறை பீரோவில். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கூச்சல் கேட்ட அவசரத்தில் துப்பாக்கியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். வீடு கூப்பிடு தூரம்தான். பீரோ சாவியை என்னிடம் கொடுத்தார்.

“நாலாம் நம்பர் ரெண்டு எடுத்துட்டு வாம்மா. செவப்பு டப்பா. வேற எதையும் தொடாத.”

பீரோவில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. சிவப்பில் நாலாம் நம்பர். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய குண்டுகள், கொக்கும் மடையானும் சுட. பச்சையில் எஸ்.ஜி. பட்டாணி அளவு குண்டுகள், பன்றிக்கு. கொக்குக்குப் போடுவதைக் கொண்டுபோய் வெறிநரிக்குப் போடுவார்களா? பதற்றத்தில் பெரியப்பா மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். கன்றுக்குட்டியின் கிழிந்த தாடை வேறு கண்ணிலேயே நின்றது. பச்சை டப்பாவிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பெரியப்பா அவற்றை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டிக்குப் பின்னாலிருந்த மண் தட்டியைப் பார்த்தார். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் திருப்பி அனுப்ப நேரமில்லை. நரி எழுந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே படலை நோக்கி நடந்தது.

“சுடுங்கண்ணே, சுடுங்க. என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்று டிராக்டர் மேலிருந்து சித்தப்பா கத்தினார்.

பெரியப்பா தோட்டாக்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துப்பாக்கியைக் குழல் பக்கம் பிடித்தபடி ஓடி, படலுக்கு முன்னால் நின்றுகொண்டு, அதன் அடிக்கட்டையால் நரியை இடித்தார். முதல் இடி சரியாக விழவில்லை. நரி அவருடைய கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டது. அது பிடியை விடவில்லை, அவரும் இடிப்பதை விடவில்லை. அது செத்து விழுந்தபோது அவர் வேட்டி முழங்காலுக்குக் கீழே சிவப்பாக இருந்தது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினமும் பாபநாசம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்வந்து, வீங்கிய வயிற்றில் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பார். ஊசி கேட்குமோ கேட்காதோ என்று பெரியம்மா மாதா படத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கையில் தோட்டாவை வைத்துக்கொண்டு ஏன் சுடவில்லை?

“கை நடுங்கிடுச்சு,” என்பார் பெரியப்பா.

எஸ்.ஜி. குண்டு அந்தத் தட்டியைத் துளைத்துக்கொண்டு பிள்ளைகள் நடுவில் போயிருக்கும். நாலாம் நம்பர் என்றால் மண்ணோடு நின்றிருக்கும். இது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று.

சித்தப்பா கல்யாண வீடுகளில் கையை உதறி உதறி நடித்துக் காட்டுவார். பந்தியே சிரிக்கும். எல்லாரையும்விட நான்தான் அதிகமாகச் சிரிப்பேன். கை நடுங்கியதாகச் சொல்லும்போதெல்லாம் பெரியப்பா என் பக்கம் திரும்பவே மாட்டார். நான் சிரிப்பதில்தான் அவருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு, கொஞ்ச நாள் நானும் அவரோடு பேசாமல் இருந்தேன்.