பட்டறை மரத்தின் இலைகள்

சித்தி குப்பை பொறுக்கத்தான் காலேஜுக்குப் போகிறாள் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். அம்மாவின் தங்கையான அவள், அடையாற்றங்கரையில் எங்களுடைய ஒற்றை அறை வீட்டில் தங்கித்தான் படித்தாள். எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் ஆய்வுக்காக அவளுக்குக் கிடைத்த வேலை, ஊரெல்லாம் சுற்றிப் புங்க இலை பறித்து வருவது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

"மரம் எங்கயும் ஓடாது. காத்துல இன்னா வந்தாலும் இலையில வாங்கி வெச்சிக்கும். அத்த வெச்சே ஃபேக்டரி இன்னா ஊதுதுன்னு சொல்லிடலாம்" என்பாள்.

மயிலாப்பூரில் ஒரு தெருவிலிருந்து ஒரு கவர், தி. நகர் பார்க்கிலிருந்து ஒரு கவர். கிண்டியில் அப்பா வேலை பார்த்த பட்டறை வாசலிலும் ஒரு புங்க மரம் நின்றது. இரும்பு வார்ப்புகளைத் தேய்த்து மழமழப்பாக்கும் பட்டறை அது. மச்சினியின் படிப்புக்குத் தானும் உதவுகிறோம் என்ற பெருமையில், அந்த இலைகளை அப்பாவே பறித்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி இலைத் தூசியை பிரஷ்ஷால் வெள்ளைத் தாளில் தட்டி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினாள். மயிலாப்பூர் தூசி அவ்வளவாக அசையவில்லை. பட்டறைத் தூசி எறும்புக் கூட்டமாகக் காந்தத்தின் பின்னால் ஓடியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொடியில் கிடந்த அப்பாவின் காக்கிச் சட்டையில் தேய்த்தேன். காந்தத்துக்குக் கருமீசை முளைத்தது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

"மாமா, மூக்குல எதுனா கட்டிக்கினு வேல செய்றீங்களா?"

"அத்த கட்டுனா மூச்சு முட்டுதும்மா."

"வெளிய மரத்தாண்டயே இவ்ளோ கீதுன்னா உள்ள எவ்ளோ இருக்கும்? வேற வேல பாருங்க மாமா. நான் இத எழுதத்தான் போறேன்."

அப்பாவின் முகம் மாறியது. நீ எழுதி, அதைப் பார்த்து அதிகாரிகள் பட்டறையை மூடினால் அத்தனை பேரும் தெருவில் நிற்போம் என்றார். அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். "உம் படிப்புக்கு எங்க அடுப்ப அணைச்சிடாத." சித்தி அன்று சாப்பிடவில்லை.

அவளுடைய ஆய்வில் அந்த மரம் இடம்பெறவில்லை. வேறு ஏதோ சாலையோர மரத்தைச் சேர்த்துக்கொண்டாள். நல்ல மார்க் வந்தது, நாங்கள் கேசரி கிண்டிச் சாப்பிட்டோம். பட்டறை இன்றும் ஓடுகிறது. அப்பாவுக்குத்தான் சில வருடங்களில் நாலடி நடந்தாலே இரைத்தது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சித்தி அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, "நான் எழுதியிருக்கணும் மாமா" என்று அழுதாள். "அத்த வுடு பாப்பா" என்றார். அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

எனக்குள் ஆறாமல் கிடப்பது, சண்டைக்கு மறுநாள் காலை. அம்மாவின் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து வாங்கி, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அப்பா சைக்கிளை எடுத்தார். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

"நைனா, திருடன் மாதிரியே கீற!"

அவர் திரும்பி, விரலைத் துப்பாக்கிபோல் நீட்டி என்னைச் சுட்டார். நான் நடுத்தெருவில் செத்து விழுந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். துணிக்குள் அவரும் சிரித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தேன்.