ஒரு படகுக்கு ரெண்டு டிரைவர்

எல்.இ.டி. ரிப்பேர்க்காரனிடம் யாரும் "விளக்கு கெட்டுப்போச்சு" என்று சொல்வதில்லை; "நீ குடுத்தது கெட்டுப்போச்சு" என்றுதான் சொல்வார்கள். இதே தொழிலில் அடிபட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

நாலா, மூணா?

2009 வாக்கில் திருப்பாதிரிப்புலியூரில் என் கடைக்கு அஞ்சலை அக்கா வந்தார். வீட்டுக்காரர் கலியபெருமாள் சொந்த ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். படகிலிருந்த பழைய பல்ப் விடிவதற்குள் பாட்டரியைக் குடித்துவிடும். விளக்கு அணைந்தால் பெரிய விசைப்படகு இருட்டில் வந்து ஏறிவிடுமே என்று அக்காவுக்குத் தூக்கமே இல்லை.

வரிசையாக நாலு எல்.இ.டி. வேண்டுமென்றார். பாட்டரியின் வோல்டேஜை இறக்கி, எல்.இ.டி.க்குச் சீரான கரண்ட் கொடுக்கிற சின்ன சர்க்யூட்தான் பக் டிரைவர். நாலு போட்டால் பாட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டும் போதாது, இறக்குவதற்கு மிச்சமே இருக்காது, மூணுதான் சரி என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்: "புரியுது தம்பி. எங்க வூட்டுக்காரரு மாதிரிதான், கையில இருக்கறத முழுசா புடுங்கிட்டா வேல செய்யாது."

போன் செய்த லட்சணம்

ஒரே வாரத்தில் விளக்கு செத்துத் திரும்பி வந்தது. என்னோடு வேலை செய்த லால்பேட்டை ஜப்பார் பாய் திறந்து பார்த்தார். அவருக்கு ஒரு பழக்கம்: எந்தப் பொருளையும் 'அது' என்று சொல்லமாட்டார். டயோடு கூட அவருக்கு 'அவரு'தான். அக்காவுக்குப் போன் போட்டு, "டிரைவர் போயிட்டாரு. கவலப்படாதீங்க, வேற ஆளப் போட்டுடலாம்" என்றார்.

துறைமுகத்தில் டிரைவர் என்றால் படகு ஓட்டுகிற ஆள். கலியபெருமாளோ அன்று மச்சான் படகில் கடலுக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஷேர் ஆட்டோவில் பாதித் தெரு அழுதுகொண்டு வந்து இறங்கியது. போன டிரைவர் இதுதான் என்று, அந்த சர்க்யூட்டின் கருகின ஐ.சி. சிப்பை நான் உள்ளங்கையில் வைத்துக் காட்டியதும் அக்கா அப்படியே உட்கார்ந்து, அழுது, அப்புறம் சிரித்தார். "போயிட்டாருன்னதக் கூட தாங்கிக்கிட்டேன் பாய். வேற ஆளப் போடலாம்னீங்க பாருங்க, அதான் ஆறல!"

கடலில் ஒரு மீட்டர்

மேஜையில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரியாது, எஞ்சின் ஓடும்போது பார்க்கணும் என்று ஜப்பார் பாயே படகில் ஏறினார். ஆட்டத்தில் காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது, முள் மீட்டரை மட்டும் மனுஷன் விடவில்லை. பாட்டரி கிளிப் லூஸ். அது எகிறும்போதெல்லாம் எஞ்சின் டைனமோவின் வோல்டேஜ் முழுக்க டிரைவர் தலையில் இறங்கியிருக்கிறது. கிளிப்பை இறுக்கினார். சிதம்பரம் போய் ஜாஸ்தி வோல்ட் தாங்குகிற ஐ.சி.யும், மீறி வருவதைத் தடுக்கிற டயோடும் வாங்கி வந்து போட்டார். அந்தப் பிடிவாதத்தை இன்றைக்கும் மெச்சுகிறேன். படகில் கலியபெருமாள் சொன்னது இதுதான்: "பாய், மீனுக்குத் தீனி போட்டது போதும், முள்ளப் பாருங்க!"

எட்டுக் கால்

மழைக்காலத்தில் ஒரு காலை, அக்கா பையில் வஞ்சிரத்தோடு வந்தார். முந்தின ராத்திரி மழையில் ஒரு விசைப்படகு நேராக வந்து, விளக்கைப் பார்த்துக் கடைசி நேரத்தில் ஒதுங்கியிருக்கிறது. கலியபெருமாள் வீட்டில் தூங்குகிறாராம். ஜப்பார் பாய் கண்ணைத் துடைத்தபடி, "படகுல காவல் காத்தவரு இவரு மாதிரிதான்" என்று அதே மாதிரி ஐ.சி. ஒன்றை எடுத்துக் காட்டினார். பக்கத்துக்கு நாலாகக் கம்பிக் கால் நீட்டியிருந்த அதை அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலத் தொட்டுக் கும்புடலாம்னு வந்தேன். எட்டு காலு இருக்கே, எதத் தொடறது?"

எங்கள் தொழிலில் பாராட்டு வஞ்சிரமாகவே வரும், அதற்கு முன்னால் ஒரு தெருவையே அழவைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.