இடுப்பில் நிற்காத பிள்ளை

அரிசி கிடைக்காத காலத்தில் குண்டாக இருப்பதைப் போன்ற குற்றம் வேறு இல்லை. எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டி ரேஷன் கடை வரிசையில் நான் போய் நின்றால் முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நமக்கெல்லாம் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும்போது இவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியாது. அவர்கள் தின்ற அதே புழுத்த கோதுமையைத்தான் நானும் தின்றேன். உடம்பு என் பேச்சைக் கேட்காமல் பெருத்தது, பிள்ளை பெற்ற பிறகு இன்னும் பெருத்தது. வாயைக் கட்டச் சொல்லிப் புத்தி சொன்னவர்கள் ஒருவர்கூட எனக்கு ஒரு வேளை சோறு போட்டவர்கள் இல்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

என் மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட காலையில் எழுப்பித் தரையில் நிறுத்தினேன். ஈரத் துணி மாதிரி மடங்கி விழுந்தான். தெருவெல்லாம் ஓடித் திரிந்த பிள்ளை. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி நிறுத்தினேன், மறுபடியும் விழுந்தான். பொன்னேரி டாக்டர் இளம்பிள்ளை வாதம் என்று சொல்லி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

பட்டணத்தில் ஒரு டாக்டரம்மா அவன் கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். இடது கால் தேறிவிடும் என்றார். வலது காலைப் பற்றி உடனே எதுவும் சொல்லவில்லை.

"வாரத்துக்கு ரெண்டு தரம் கொண்டு வாங்க. கரண்ட் வைக்கணும், காலுக்குப் பயிற்சி குடுக்கணும். விட்டீங்கன்னா முட்டி மடங்கினபடியே இறுகிப்போயிடும். அப்புறம் யார் நினைச்சாலும் நீட்ட முடியாது" என்றார்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் மகனின் சூம்பிய தொடையைப் பார்த்தாள். "புள்ள பங்கையும் நீயே சாப்ட்டுட்டியா?" என்றாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வாரத்துக்கு இரண்டு முறை அவள் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

அவனைத் தூக்கிக்கொண்டு போவதுதான் பெரும்பாடாக இருந்தது. நம் பெண்களுக்குப் பிள்ளையைத் தூக்க இடுப்புதான் இடம். இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்தால் பிள்ளை இரண்டு காலாலும் அம்மாவைக் கவ்விக்கொள்ளும், ஒரு கை அணைத்தால் போதும். எனக்கு இடுப்பெலும்பு எங்கே இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். கால் நன்றாக இருந்தவரை அவனே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான், அதனால் என் இடுப்பின் குறை எனக்குத் தெரியவில்லை. இப்போது அவன் கால்கள் இரண்டும் சும்மா தொங்கின. உட்கார வைத்த மறு நிமிடமே வழுக்கிக்கொண்டு கீழே போனான். ஏற்றி ஏற்றி வைத்து, வீட்டிலிருந்து ரயிலடிக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்குக் கை மரத்துவிடும், மூச்சு இரைக்கும். எதிரே வருகிறவர்கள் என் இரைப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அவன் அப்பா தூக்கி வந்திருக்கலாம். எங்கள் ஊரில் அப்போது முந்திரித் தோப்புகளை அழித்துத் தொழிற்சாலைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அங்கே கம்பி கட்டுகிற வேலை. ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்க மாட்டார்கள். ஆக, நான்தான்.

ஒல்லியான பெண்களுக்குப் புடவையில் மிச்சம் இருக்கும். முந்தானையை இழுத்துப் பிள்ளையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். கடையில் விற்கிற புடவை என்னைச் சுற்றி வருவதற்கே சரியாகப் போய்விடும். தோளில் மிஞ்சுகிற துண்டில் மூக்கைத் துடைக்கலாம், பிள்ளையைக் கட்ட முடியாது. அதனால் அவன் அப்பாவின் எட்டு முழ வேட்டியை எடுத்துத் தோளில் குறுக்காகப் போட்டு முடிந்தேன். முன்பக்கம் கட்டினால் என் வயிறு அவனை வெளியே தள்ளியது, கீழே என் காலும் ரயில் படியும் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்பக்கம் கட்டினால் முடிச்சு என் தோளைத் தின்றது. நடக்க நடக்க வேட்டி சுருண்டு கயிறாகி அவன் தொடையை அறுத்தது. சிவந்து தடித்த தொடையை நர்ஸ் பார்த்துவிடக் கூடாதே என்று தேங்காய் எண்ணெய் தடவிக் கூட்டிப்போவேன்.

ஒரு நாள் ரயில் ஏறும்போது முடிச்சு நழுவியது. அவன் தலைகீழாகச் சரிந்தான். கதவுப் படியில் நின்றிருந்த ஒருத்தி சட்டென்று கையை நீட்டி அவன் தலையைத் தாங்கினாள். ஏந்தாமல் விட்டிருந்தால் தண்டவாளத்தில்தான் விழுந்திருப்பான்.

அவள் அரிசிக்காரி. ஆந்திராவிலிருந்து அரிசி கொண்டுவரக் கூடாது என்று தடை இருந்த நேரம் அது. சூலூர்ப்பேட்டைப் பக்கம் அரிசி வாங்கிப் பட்டணத்தில் விற்கிற பெண்கள், அதைப் புடவைக்குள் உடம்போடு கட்டிக்கொண்டு எங்கள் ரயிலில்தான் வருவார்கள். வீட்டில் குச்சியாக இருப்பவள்கூட ரயிலில் என் பருமனுக்கு இருப்பாள். அந்தப் பெட்டியில் மட்டும்தான் என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனாலேயே நான் அவர்களோடு உட்காருவது வழக்கம்.

"இன்னாமே இது, புள்ளைய சுருக்கு போட்டுத் தொங்க உட்டுக்கினு வர்ற?" என்றாள் என் மகனைத் தாங்கியவள்.

"வேற இன்னா பண்ணச் சொல்ற? இடுப்புல நிக்க மாட்டேன்றான்."

"எப்பிடி நிக்கும்? உன் ஒடம்புக்கு இடுப்புல பாரம் வெக்கக் கூடாது. ரெண்டு தோள்லயும் மாட்டி முதுகுல ஏத்தணும். நாங்க கட்டிக்கினு ஓடுற வண்டியிலேர்ந்து குதிக்கிறோமே, ஒரு மணி அரிசி கீய உழுவுதா?"

அடுத்த முறை பார்த்தபோது அவளுடைய பழைய அரிசிப் பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். காடாத் துணியில் இரட்டையாகத் தைத்தது. தோளுக்கு உள்ளங்கை அகலத்தில் இரண்டு வார்கள், கீழே சுற்றிக் கட்ட நாடா. பையின் இரண்டு பக்கமும் கிழித்துக் கால் போக வழி விட்டிருந்தாள். ரயில் ஆட ஆட அவளே என் மகனை அதில் உட்கார வைத்து என் முதுகில் ஏற்றி, நாடாவை என் வயிற்றுக்குக் கீழே கொண்டுவந்து முடிந்தாள். அரிசி ஏற ஏறச் சுற்றளவும் ஏறும் என்பதால் அவர்கள் நாடாவை நீளமாகவே வைத்துத் தைப்பார்களாம். என் வாழ்க்கையில் என்னைச் சுற்றி வந்து அதற்கு மேல் மிச்சமும் இருந்த முதல் துணி அதுதான். எனக்கு அழுகை வந்தது.

"பேஜாரு பண்ணாத, நட பாக்கலாம்" என்றாள்.

நடந்தேன். தோள் வலிக்கவில்லை. என் கை இரண்டும் காலியாக இருந்தன. அவன் காலை அகட்டி என் முதுகில் உட்கார்ந்து, தோளில் தாடையை வைத்துக்கொண்டு, காதுக்குள் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தான். ஆட்டைப் பார்த்தால் சொன்னான், லாரியைப் பார்த்தால் சொன்னான். அப்படியே மாதங்கள் போயின. இடது காலை ஊன்ற ஆரம்பித்தான். வலது முட்டி ஓரளவு நீட்ட வருகிறது என்று டாக்டரம்மா வாய்விட்டுச் சொன்னார். அந்த நர்ஸ்கூடப் பையைத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டாள். நான் சொல்லவில்லை.

ஐப்பசியில் விடாத மழை. அன்றைக்கு அவன் தலைக்குக் கம்பளிக் குல்லா மாட்டி, முதுகோடு சேர்த்துப் பழைய போர்வையால் மூடிக்கொண்டு கிளம்பினேன். ரயிலில் அவன் தூங்கிப்போனான். மீஞ்சூரில் வண்டி நின்றதும் அரிசி பிடிக்கிறவர்கள் ஏறினார்கள். அரிசிக்காரிகள் மறுபக்கக் கதவு வழியாகத் தண்டவாளத்தில் குதித்து ஓடினார்கள். நான் எதற்கு ஓட வேண்டும்? உட்கார்ந்திருந்தேன். ஓடாத குண்டுப் பொம்பளை நான் ஒருத்திதான் அந்தப் பெட்டியில் மிச்சம்.

"எறங்கு" என்றார் ஒருவர். கையில் குத்தூசி இருந்தது. மூட்டைக்குள் குத்தி அரிசியை உருவிப் பார்க்கிற, கூர் முனையுள்ள இரும்புக் குழல் அது.

பிளாட்பாரத்தில் இறங்கினேன். என் தோளில் கிடந்த வாரைப் பார்த்தார். அப்படிப்பட்ட வார்களை அவர் தினமும் அறுத்துப்போடுகிறவர்.

"முதுகுல இன்னா?"

"புள்ள."

"எல்லாருக்கும் புள்ளதான். போன வாரம் ஒருத்தி இதே மாதிரி மூட்டைக்குக் குல்லா மாட்டிக்கினு வந்தா. அவுத்தா நெல்லூர் அரிசி கொட்டுது."

"ஐயா, கால் வராத புள்ள. ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பின்பக்கம் போய்விட்டார். நான் திரும்புவதற்குள் போர்வைக்கு மேலேயே குத்திவிட்டார். என் மகன் அலறினான். அப்படி ஓர் அலறலை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முதுகு ஈரமாவது எனக்குத் தெரிந்தது. முதலில் மூத்திரம் என்று நினைத்தேன்.

போர்வையை இழுத்துப் பார்த்தபோது வலது தொடையிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த மனிதரின் முகம் வெளுத்துவிட்டது. "பிரிச்சுக் காட்டக் கூடாதாம்மா?" என்று என்னைக் கேட்டார். என்னைத்தான் கேட்டார். என் வாயில் வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. அதற்குள் ஜன்னலில் இருந்த ஒருத்தி, "நெசமாவே புள்ளதான்டீ" என்று உள்ளே திரும்பிச் சொன்னாள். ரயில் போய்விட்டது.

மீஞ்சூரில் ஒரு கம்பவுண்டர் மருந்து வைத்துக் கட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு தொடை வீங்கிச் சீழ் பிடித்தது. பட்டணத்தில் சேர்த்துக்கொண்டார்கள். புண் ஆறும்வரை காலைத் தொடக் கூடாது, கரண்டும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. வலி பொறுக்காமல் அவன் முட்டியை மடக்கியே வைத்துக்கொண்டான். நீட்டப் போனால் கத்தினான். புண் ஆறியபோது முட்டி இறுகிவிட்டிருந்தது. டாக்டரம்மா இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இந்தக் காயம் இல்லேன்னாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்மா" என்றார். எனக்கு ஆறுதலுக்காகத்தான் அதைச் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் சொன்னதை நான் ஒரு நாளும் நம்பவில்லை.

மாவுக்கட்டுப் போட்டு முட்டியை முடிந்த அளவுக்கு நிமிர்த்தினார்கள். பிறகு தொடையிலிருந்து பாதம்வரை இரும்புப் பட்டையும் தோல்வாரும் வைத்த பூட்ஸ் செய்து மாட்டினார்கள். அவனுக்கு அப்போது மூன்று வயது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமே இவனைத் தூக்காதீங்க. அந்தப் பையைத் தூர எறிஞ்சிடுங்க. சுகமா முதுகுல உக்காந்து பழகிட்டான், தூக்கினீங்கன்னா நடக்கவே மாட்டான். விழுந்தாலும் கை குடுக்கக் கூடாது. தானா எழுந்திருக்கட்டும்."

அன்று மாலை கும்மிடிப்பூண்டியில் ரயிலை விட்டு இறங்கினோம். அவனைப் பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டு நான் முன்னால் நடந்தேன். இரும்பு சிமெண்டில் தேய்கிற சத்தம் பின்னால் கொஞ்ச தூரம் வந்தது. பிறகு தொப்பென்று விழுந்தான். திரும்பிப் பார்த்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. இரண்டு கையையும் என் பக்கம் நீட்டி, "யம்மா, தூக்கு" என்றான்.

நான் தூக்கவில்லை. என் கை தானாகப் போய்விடும் என்ற பயத்தில் புடவையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கியவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். "இம்மாம் பெரிய ஒடம்ப வெச்சுக்கினு குனிஞ்சு தூக்க நோவுதா உனக்கு?" என்றாள் ஒருத்தி. "தின்னு தின்னு மரமாயிட்டா" என்றான் ஒருவன். ஒரு பெரியவர், "வா நைனா" என்று அவனைத் தூக்கக் குனிந்தார். "தொடாதீங்க" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் துப்பாத குறைதான்.

என் மகன் நீட்டிய கையை நெடுநேரம் மடக்கவில்லை. நான் வருவேன் என்று நம்பிக்கொண்டிருந்தான். பிறகு கையைக் கீழே ஊன்றினான். தண்ணீர்க் குழாய்வரை தவழ்ந்து போய், அதைப் பிடித்து, இரும்புக் காலை இழுத்து நிமிர்த்தி எழுந்து நின்றான். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து என் பக்கத்தில் வந்தான். நின்று என் முகத்தைப் பார்ப்பான் என்று நினைத்தேன். நிற்காமல் என்னைத் தாண்டிப் போனான்.

டாக்டரம்மா சொன்னது பலித்தது, அவன் நடந்தான். பள்ளிக்கூடம் போனான், வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான். உயரமான படி வந்தால் இன்றும் யாராவது முன்பின் தெரியாதவரின் தோளைப் பிடித்துத்தான் ஏறுவான். நான் பக்கத்திலேயே நிற்பேன். என்னிடம் மட்டும் அவன் கை நீட்டுவதில்லை.